நியூட்ரலில் இறங்கிய வண்டி

எங்கள் சர்வீஸ் சென்டர் ஆட்கள் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. என்னை இன்னும் அதிலிருந்து எடுக்கவில்லை. எப்படி வெளியேறுவது என்று எனக்கும் தெரியவில்லை. காலையில் எழுந்தால் யாராவது பூப் படம் போட்டு வணக்கம் சொல்லியிருப்பார்கள். போன வாரம் அதிசயமாக ஒரு தொழில் கேள்வி வந்தது.

"ரத்தினம் அண்ணே, ஹைபிரிட் காரு ஊருக்குள்ள நல்ல மைலேஜ் குடுக்குது, ஹைவேல கொறையுதுன்னு கஸ்டமருக சண்டைக்கு வர்றாக. இத எப்படிண்ணே புரியிற மாதிரி சொல்றது? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, போர்டுல ஒட்டிருவோம்."

இதற்கு இரண்டு பக்கம் எதற்கு? நாலு வரி போதும். ஹைபிரிட் காரில் பெட்ரோல் என்ஜினும் உண்டு, மோட்டாரும் பேட்டரியும் உண்டு. ஊருக்குள் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம், வீணாகப் போக வேண்டிய வேகம் மின்சாரமாக மாறிப் பேட்டரிக்குப் போகிறது. அடுத்த தடவை வண்டி நகர அதுவே உதவுகிறது, என்ஜின் பாதி நேரம் தூங்குகிறது. ஹைவேயில் பிரேக் மிதிக்கிற சோலி குறைவு, அதனால் திரும்பி வருவதும் குறைவு. எதிர்க் காற்றைத் தள்ளுகிற பாரம் முழுவதும் என்ஜின் தலையில் விழுகிறது. இவ்வளவுதான். ஒட்டிக்கொள்ளுங்கள்.

நான் எழுத நினைத்தது வேறு. மைலேஜ் குறைகிறது என்று வந்த ஒரு காரில் குறை ஏதும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியால் ஒரு மனிதன் திருடன் ஆனான். அதைப் போர்டில் ஒட்ட வேண்டாம், படித்தால் போதும்.

நான் தொழிலுக்கு வந்தது ஜீப்பில். போடியில் எஸ்டேட் ஜீப்புகளைப் பழுது பார்க்கிற ஒரு ஷெட்டில் பத்து வருடம் கிரீஸோடு கிடந்தேன். அங்கே மைலேஜ் என்ற சொல்லையே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறினால் அது நல்ல வண்டி, ஏறாவிட்டால் கெட்ட வண்டி. பிறகு தேனி ரோட்டில் கம்பெனி சர்வீஸ் சென்டர் வந்தது. போய்ச் சேர்ந்தேன். மீதிக் காலமெல்லாம் அங்கேதான். கடைசி எட்டு வருடம் எனக்கு ஒரே வேலை, மைலேஜ் புகார் பார்ப்பது.

அந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் சதாசிவம் சார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பேசும்போது நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். மேஜையில் இருக்கிற காகிதத்தைப் பார்த்தபடியே பேசுவார். அதனால் அவர் திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று வெளியே வந்த பிறகுதான் விளங்கும். நான் கொண்டுபோன முதல் ரிப்போர்ட்டில் லிட்டருக்கு இருபது என்று எழுதியிருந்தேன். அதை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"ரவுண்டா வந்தா நீ வண்டி ஓட்டல ரத்தினம், பேனா ஓட்டியிருக்க."

அவர் வைத்த முறை இது. காலையில் டயர் சூடாகும் முன் காற்றுப் பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே பங்க், ஒரே பம்ப். வண்டி நிற்கிற இடம்கூட மாறக் கூடாது. தரை சற்றுச் சாய்ந்திருந்தால் டேங்கில் அரை லிட்டர் ஏமாற்றும் என்று தரையில் பெயின்டால் கோடு போட்டு வைத்திருந்தோம். பெட்ரோல் தானாக நின்றதும் இரண்டு நிமிடம் பொறுத்து, மறுபடி பிடித்து, இரண்டாம் முறை நின்றதும் விட்டுவிட வேண்டும். வாய் வரை ததும்ப ஊற்றக் கூடாது. ஓட்டி முடித்து அதே கோட்டில் நிறுத்தி அதேபோல் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்க்க வேண்டும். டேஷ்போர்டு ஸ்கிரீனில் வருகிற மைலேஜைச் சார் சீண்டவே மாட்டார். அது கல்யாணத் தரகர் மாதிரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும் என்பார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு இருக்கு. நீ டேங்க்ல போடுற" என்பது அவருடைய இன்னொரு வசனம்.

ரிப்போர்ட் கொண்டுபோனால் மூன்று கேள்வி கேட்பார். எங்கே ஓட்டின? யார் ஓட்டினது? வழக்கமாக ஓட்டுகிறவர் என்ன சொல்கிறார்? மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் கையெழுத்து விழும்.

ஹைபிரிட் கார்கள் எங்கள் பக்கம் தலைகாட்ட ஆரம்பித்த சமயம். கோவிந்தராசு என்று ஓர் ஏலக்காய் வியாபாரி வந்தார். போடியில் அவருக்குப் பெரிய கிட்டங்கி, அதாவது சரக்குக் குடோன்; பூப்பாறைக்கு அந்தப் பக்கம் தோட்டம். வாரத்தில் நாலு நாள் கார் மலையேறி இறங்கும். நல்ல மனிதர்தான், வாய்தான் முன்னால் ஓடும்.

"லிட்டருக்குப் பதிமூணுதான் வருது ரத்தினம். மதுரையில என் மச்சான் இதே காருதான் வச்சிருக்காரு. இருபத்தி நாலுங்காரு. எனக்கு மட்டும் ஓட்டக் காரக் குடுத்துட்டீகளா?"

அவருடைய டிரைவர் செல்லப்பாண்டி கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தான். பதினைந்து வருடம் மலையில் எஸ்டேட் ஜீப் ஓட்டிவிட்டு இவரிடம் வந்தவன். ஜீப் ஷெட்டில் இருந்த காலத்திலேயே எனக்கு முகம் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் தலையசைத்தேன். அதோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் முறைப்படி ஓட்டினேன். போடி பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, மார்க்கெட் என்று ஊருக்குள் சுற்றியதில் இருபத்து மூன்று புள்ளி ஏழு. தேனி ரோட்டில் பிடித்து ஹைவேயில் நேரே விட்டதில் பத்தொன்பது புள்ளி இரண்டு. முதலாளிக்கு ஹைவேயில் குறைந்தது ஆச்சரியம். பழைய கார்களில் எல்லாம் தலைகீழாக அல்லவா இருந்தது. மேலே சொன்ன நாலு வரியைச் சொன்னேன். தலையாட்டினார்.

"சரி, மலையில?"

இங்கேதான் நான் வாயை விட்டேன். மலையில் நான் ஓட்டிப் பார்க்கவில்லை. எங்கள் படிவத்தில் மலைக்கென்று கட்டமே கிடையாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருட சர்வீஸுக்காரன் எப்படிச் சொல்வான்? "ஏறுறப்ப கொஞ்சம் குடிக்கும் மொதலாளி. எறங்குறப்ப பேட்டரி ஏறி அதெல்லாம் வந்துரும்" என்றேன்.

ரிப்போர்ட்டில் 'வண்டியில் குறை ஏதும் இல்லை' என்று எழுதிச் சாரிடம் கொண்டுபோனேன். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு, "டிரைவர் என்னத்தச் சொல்லப் போறான் சார். மொதலாளி வெளிய நிக்கிறாரு, அவசரம்" என்றேன். சார் பென்சிலால் மூன்றாவது கேள்விக்கு நேரே ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது அவருடைய தவறு என்று பின்னால் அவரே சொன்னார். என்னுடையதில் பாதிகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மதியம் கிட்டங்கியில் நடந்ததை வெகு நாள் கழித்துத்தான் முழுதாகக் கேட்டேன். அங்கே நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பார்கள். செல்லப்பாண்டியின் மனைவி பேச்சியம்மாளும் அவர்களில் ஒருத்தி. முதலாளி என் காகிதத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே போயிருக்கிறார். வண்டியில் குறை இல்லை, மலையிலும் கணக்குச் சரியாக வரும் என்றால், மீதிப் பெட்ரோல் எங்கே போகும்? அவர் நினைத்ததில் தப்புச் சொல்ல முடியாது. நான் கொடுத்த கணக்குக்கு அந்த ஒரு விடைதான் உண்டு.

"காருல ஓட்ட இல்லையாம்டா. ஒன் கையிலதான் ஓட்ட. எத்தன நாளாடா உறிஞ்சி விக்கிற, களவாணிப் பயலே?"

செல்லப்பாண்டி சாவியை எடைத் தராசில் வைத்துவிட்டு வெளியே நடந்திருக்கிறான். பேச்சியம்மாள் எழுந்து அவன் பின்னால் போகவில்லை. பாதி வேலையில் எழுந்து போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று, ஐந்து மணி வரை குனிந்த தலை நிமிராமல் காய் பொறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறாள். 

பத்து நாள் கழித்து அதே கார் வந்தது. புது டிரைவர். பழைய ஆள் பெட்ரோல் களவில் போய்விட்டான் என்றான், பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் என்றான். சக்கரத்தைக் கழற்றினேன். முன் பிரேக் கட்டை காகிதமாகத் தேய்ந்திருந்தது, டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பத்து நாளில் வருகிற தேய்மானம் இல்லை அது, மாதக் கணக்கில் தேய்ந்தது. ஹைபிரிட் காரில் பிரேக் கட்டை அவ்வளவு சீக்கிரம் தேயாது. பாதிப் பிடியை மோட்டாரே பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கும்போதுதான் பேட்டரியும் ஏறும். இந்தக் காரில் மோட்டார் பிடிக்கவே இல்லை என்றால், பேட்டரியும் ஏறியிருக்காது.  டெஸ்ட் அன்றைக்கு இந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

அந்தக் கட்டையைச் சாரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். கஸ்டமர்களுக்கு ஓட்டிக் காட்ட வைத்திருந்த எங்கள் டெமோ காரின் சாவியை டிராயரிலிருந்து எடுத்து நீட்டினார். அதுவும் அதே மாடல்தான்.

"அந்தப் பழைய டிரைவரக் கூட்டிக்கிட்டு மல ஏறு. நீ ஓட்டாத. அவரு எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டட்டும். நீ வாயத் தொறக்காத."

செல்லப்பாண்டி ஜீப் ஸ்டாண்டில் இருந்தான். ஆள் வராத ஜீப்புக்கு மாற்று டிரைவராக நின்று, கிடைத்த நாளில் ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"வண்டி ஓட்டிக் காட்டணுமாண்ணே? இன்னும் என்னத்த நிரூபிக்கப் போறீக? போதும்ணே, விட்டுருங்க."

"நீ எடுத்தியான்னு பாக்க வரல செல்லப்பாண்டி. நான் என்னத்தப் பாக்காம விட்டேன்னு பாக்கத்தான் வந்தேன்."

காரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். பிறகு, "வெரசாப் போயிட்டு வந்துரணும், மத்தியானத்துக்கு மேல எனக்கு லோடு இருக்கு" என்று சொல்லி ஏறினான்.

கோட்டில் நிறுத்தி நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். ஏற்றத்தில் அவன் ஓட்டியதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அவ்வளவு நயமாக வளைவுகளில் திருப்பினான். போடிமெட்டில் டீ குடித்தோம். செக்போஸ்டில் முன்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. நியூட்ரலில் போட்டு, ஏசி ஓட, பத்து நிமிடம் நின்றான். அதைத் தாண்டிய முதல் இறக்கத்தில் அவன் கை தானாகக் கியரைத் தட்டி மறுபடி நியூட்ரலுக்குத் தள்ளியது. கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேடு வந்ததும் டிரைவுக்கு மாற்றினான். அடுத்த பள்ளத்தில் மறுபடி நியூட்ரல். பூப்பாறை வரை ஏறியும் இறங்கியும் போகிற ரோடு அது. எண்ணுவதை நடுவில் விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது போடிமெட்டு முதல் அடிவாரம் வரை ஒரே நியூட்ரல், ஒரே பிரேக். கட்டை கருகுகிற வாடை காருக்குள்ளேயே வந்தது. பாதியில் ஒரு வளைவோரம் நிறுத்தி ஆறவிட்டான்.

சார் சொன்னபடி அதுவரை வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். அங்கே கேட்டுவிட்டேன்.

"எதுக்கு நியூட்ரல்ல போடுற?"

"என்னண்ணே, நீங்க ஜீப்பு பாத்த ஆளு, இப்படிக் கேக்குறீக? டிரைவ்ல விட்டா வண்டியப் புடிச்சு இழுக்குதுண்ணே. நியூட்ரல்ல விட்டா தண்ணி மாதிரி ஓடும். பெட்ரோலு மிச்சமாகும்ல."

"மொதலாளி அப்படி ஓட்டச் சொன்னாரா?"

"அவுக எதுக்குச் சொல்லணும்? அவுக காசு. நம்மதான பாத்து ஓட்டணும்."

மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கைக்கொண்ட வழக்கம் அது. இறக்கத்தில் நியூட்ரல் போடத் தெரியாதவனை டிரைவர் என்றே மதிக்க மாட்டார்கள். பிரேக்குக்கு ஆபத்து என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்டதில்லை. ஆனால் இந்தக் காரில் பிடித்து இழுக்கிற அந்த இழுப்புதான் பேட்டரிக்குத் தீனி. நியூட்ரலில் போட்டால் ஒரு சொட்டும் ஏறாது. செக்போஸ்டில் நின்ற மாதிரி ஏசி ஓட நின்றாலும் ஏறாது, பேட்டரி தீர்ந்து என்ஜின்தான் மறுபடி சுமக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் கிடைக்க வேண்டியதைத் தட்டிவிட்டு, அடுத்த மேட்டைப் பெட்ரோலிலேயே ஏறியிருக்கிறான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் நடந்திருக்கிறது. இதை அவனுக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று சொல்லும்போதே தோன்றியது.

செல்லப்பாண்டி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அப்ப பெட்ரோலு போனது நெசந்தானாண்ணே?"

"நெசந்தான். ஆனா நீ எடுக்கல."

"இத்தன மாசமாண்ணே. ஒவ்வொரு எறக்கத்துலயும் அவுகளுக்கு மிச்சம் புடிச்சேன்னு நெனச்சுக்கிட்டேன்ணே."  கதவைத் திறந்து இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே போடியைப் பார்த்தபடி நின்றான். அழுதானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்றைய கணக்கு பதிமூன்று புள்ளி ஆறு. முதலாளி சொன்ன பதிமூன்றுக்குப் பக்கம்தான். மறுநாள் அதே ஆள், அதே ரோடு, நியூட்ரலைத் தொடாமல் ஓட்டினான். பதினேழு புள்ளி ஒன்பது வந்தது. நான் வாய்விட்டபடி ஏற்றத்தில் போனதெல்லாம் இறக்கத்தில் திரும்பவும் இல்லை. இவ்வளவு பெரிய மலைக்கு அந்தப் பேட்டரி சின்னது. நாலைந்து வளைவிலேயே நிரம்பிவிடும், மிச்சமெல்லாம் வீண்தான். சார் இரண்டு கணக்கையும் வைத்துப் புதுக் காகிதம் எழுதினார். முந்தைய ரிப்போர்ட் அரைகுறை, பெட்ரோல் குறைந்ததற்கு ஓட்டும் பழக்கமும் மலை ரோடும் காரணம், களவு இல்லை என்று தெளிவாக இருந்தது. கோவிந்தராசு முதலாளி அதை இரண்டு தடவை படித்தார்.

"அவசரப்பட்டுட்டேன் ரத்தினம். நாளைக்கே வரச் சொல்லு. சம்பளமும் சேத்துத் தர்றேன்."

போய்ச் சொன்னேன். செல்லப்பாண்டி பட்டென்று முடித்துவிட்டான்.

"சம்பளத்தக் கேட்டனாண்ணே நானு? எங்கன வச்சுச் சொன்னாகளோ அங்கன வச்சே இல்லைன்னு சொல்லட்டும். எம் பொண்டாட்டி இன்னும் அங்கனதான் ஒக்காந்திருக்கா."

இதை முதலாளியிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "நாப்பது பொம்பளைகளுக்கு முன்னாடி நான் போயி நிக்கணுமா?" என்றார். "போன தடவையும் அங்க நின்னுதான பேசுனீக" என்றேன்.  மூன்று நாள் ஒரு சேதியும் வரவில்லை. நாலாவது நாள் காலையில் போன் வந்தது. "நீயும் வா. ஒன் பேப்பர நம்பித்தான நான் வாய விட்டேன்" என்றார். நியாயம்தான். போனேன்.

கிட்டங்கிக்குள் ஏலக்காய் வாசனை மூக்கை அடைத்தது. பெண்கள் தட்டுகளை மடியில் வைத்துக் காய்களைப் பச்சை, வெளிறல், வெடித்தது என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். செல்லப்பாண்டி வாசலுக்குள் ஓர் அடி வைத்து நின்றான். முதலாளி தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"செல்லப்பாண்டி பெட்ரோல எடுக்கல. நாந்தான் தெரியாமப் பேசிட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

நாற்பது பேர் கையும் நின்றது. எனக்கும் சொல்ல வேண்டியிருந்தது. "காருல குறையில்லன்னு எழுதுனது நான். மலையில ஓட்டிப் பாக்காம எழுதிட்டேன். தப்பு எம்மேலதான்" என்றேன்.

மூன்றாவது வரிசையில் இருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வண்டியப் பாத்தீக, சரிண்ணே. அத ஓட்டுற ஆளு அங்கனயேதான நின்னாரு, அவர ஒரு வார்த்த கேட்டீகளா?"

 "கேக்கல ஆத்தா" என்றேன்.

முதலாளி சாவியை நீட்டினார். செல்லப்பாண்டி அதை வாங்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "நீ சொல்லு, போகவா?" என்று கேட்டான். அவள் மடியிலிருந்த தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். முதலாளி கையிலிருந்த சாவியை வாங்கிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்க. ஆனா இனிமே அவுகளுக்கு ஒண்ணும் மிச்சம் புடிக்க வேணாம். ஓட்டுனாப் போதும்."